மருந்து மட்டும் போதுமா?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் கூடியிருந்த கூட்டத்தில் நர்சுகள் சார்பில் நிகழ்த்திய பேச்சு)

தோழர்களே! தாய்மார்களே!

ஷிப்டு முடிந்து நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். களை எடுத்த கையைக் கழுவிவிட்டு நேராக வந்திருக்கிறீர்கள். உங்களுடைய ஒரு மணி நேரம் எவ்வளவு பெறுமானம் உள்ளது என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நாங்கள் நர்சுகள். நோயாளிகளைப் பராமரிப்பது எங்கள் தொழில். ஆனால் நம்முடைய பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்மை நிலைமை என்ன? ஒரு வார்டில் வரிசையாகக் கட்டில்கள். கட்டிலுக்கு அடியிலும் நோயாளிகள். இரவு வேளையில் அவ்வளவு பேருக்கும் ஒரு நர்சு, மிஞ்சினால் இரண்டு நர்சுகள். மருந்து கொடுப்பதும் ஊசி போடுவதும் எழுதி வைப்பதுமாக எங்கள் பொழுது கழிந்துவிடுகிறது. நோயாளியைத் துடைத்து விடுவது யார்? கஞ்சி ஊட்டுவது யார்? சிறுநீர் கழிக்கத் தூக்கிப் பிடிப்பது யார்? நீங்கள்தான். அம்மா, மனைவி, அக்காள், தம்பி, பக்கத்து வீட்டுக்காரர், இவர்கள்தான் செய்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகோ முழுப் பொறுப்பும் உங்கள் தலையில்தான்.

இந்த வேலையை உங்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? இல்லை. அதனால்தான் இன்று பேச வந்தோம்.

வள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில் வைத்தியத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயாளி ஒன்று, வைத்தியன் ஒன்று, மருந்து ஒன்று. நான்காவது யார் தெரியுமா? பக்கத்தில் இருந்து பராமரிப்பவன். அந்த நான்காவது ஆளும் சேர்ந்தால்தான் வைத்தியம் முழுமை அடைகிறது. டாக்டரைப் பற்றிப் பேசுகிறோம். மருந்து விலையைப் பற்றிப் பேசுகிறோம். இந்த நான்காவது ஆளைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

கையிலிருந்து தொடங்குவோம்

சரித்திரத்திலிருந்து இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம். இவை கதை அல்ல, நடந்தவை.

வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் 1847-ம் ஆண்டு இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இன்னொன்றில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். படித்த டாக்டர்கள் பார்த்த வார்டில்தான் தாய்மார்கள் அதிகமாகச் செத்தார்கள். அந்த வார்டில் தங்களைச் சேர்க்க வேண்டாம் என்று ஏழைப் பெண்கள் கெஞ்சினார்கள். காரணம் என்ன? ஸெம்மல்வைஸ் என்ற டாக்டர் ஆராய்ந்து கண்டுபிடித்தார். டாக்டர்கள் பிணங்களை அறுத்துச் சோதித்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள்! குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் யாரும் நோயாளியைத் தொடக் கூடாது என்று அவர் உத்தரவு போட்டார். அந்த வருஷம் ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்கு 18 தாய்மார்கள் இறந்த அதே வார்டில், ஜூன் மாதத்தில் நூற்றுக்கு 2 பேர்தான் இறந்தார்கள். புது மருந்து எதுவும் வரவில்லை. கை கழுவியதுதான் நடந்தது.

இன்னொரு சம்பவம். 1854-ல் கிரிமியா யுத்தத்தின்போது துருக்கியிலிருந்த ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்கு பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 38 பெண்களோடு போய்ச் சேர்ந்தார். காயத்தினால் இறந்த சிப்பாய்களைவிட காய்ச்சலாலும் கழிச்சலாலும் இறந்தவர்கள்தான் அங்கே அதிகம். ஆஸ்பத்திரிக்கு அடியிலேயே சாக்கடை தேங்கி நின்றது. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 என்ற கணக்கில் சாவு. மார்ச் மாதத்தில் சுகாதாரக் குழு வந்தது. சாக்கடையைச் சுத்தம் செய்தார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஜன்னலைத் திறந்து காற்று வர வழி செய்தார்கள். ஜூன் மாதம் சாவு நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது. இந்தக் கணக்குகளை நைட்டிங்கேல் படமாகவே வரைந்து மேலிடத்தாருக்குக் காட்டினார்.

இதிலிருந்து நமக்கு என்ன பாடம்? ஜன்னலைத் திறப்பதும் கையைக் கழுவுவதும் சில்லறைக் காரியங்கள் அல்ல. உயிர் அங்கேதான் நிற்கிறது.

எப்போது கழுவ வேண்டும்? நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தரம். தொட்ட பிறகு ஒரு தரம். புண்ணைத் தொடும் முன்பும் உணவு ஊட்டும் முன்பும் கட்டாயம். மலம், சிறுநீர், ரத்தம், சளி பட்டால் உடனே. நோயாளியின் கட்டிலையோ துணியையோ தொட்டாலும் கழுவ வேண்டும். எப்படிக் கழுவுவது? வெறும் தண்ணீரில் நனைத்தால் போதாது. சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல், புறங்கை எல்லாம் தேய்த்து ஒரு நிமிஷமாவது ஆக வேண்டும். பிறகு சுத்தமான துணியில் துடைக்க வேண்டும்; கட்டியிருக்கும் புடவைத் தலைப்பிலோ வேட்டி நுனியிலோ அல்ல.

நர்சு கை கழுவாமல் வந்தால், டாக்டர் கை கழுவாமல் வந்தால், "ஐயா, கை கழுவிவிட்டீர்களா?" என்று கேளுங்கள். பயப்பட வேண்டாம். கேட்பது உங்கள் உரிமை. எங்களில் யாராவது முகம் சுளித்தால் தப்பு எங்களுடையது.

படுக்கைப் புண்

லாரி மோதி முதுகெலும்பு முறிந்த தோழர், பக்கவாதத்தில் விழுந்த பெரியவர், இடுப்பு ஒடிந்த பாட்டி, இப்படி மாதக்கணக்காகப் படுத்திருப்பவர்கள் எத்தனை பேர்! முதல் நோய் தணிந்த பிறகும் இவர்களில் பலர் இறந்துபோகிறார்கள். ஏன்? படுக்கைப் புண் சீழ் பிடித்து, விஷம் ரத்தத்தில் கலக்கிறது.

இந்தப் புண் எப்படி வருகிறது? உடம்பின் பாரம் முழுவதும் ஓரிடத்தில் அழுத்தினால் அங்கே ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத சதை அழுகும். வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், தோள்பட்டை, பின்மண்டை ஆகிய எலும்பு முட்டும் இடங்களில் முதலில் வரும். நல்ல உடம்புள்ளவன் தூக்கத்தில்கூட புரண்டு படுக்கிறான். புரள முடியாதவனுக்கு நாம்தான் புரட்டிவிட வேண்டும்.

இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டுங்கள். ஒரு தரம் இடப்பக்கம், ஒரு தரம் மல்லாக்க, ஒரு தரம் வலப்பக்கம். இரவிலும் இப்படித்தான். ஒரே ஆளால் இது முடியாது. எப்படிச் செய்வது என்பதைப் பின்னால் சொல்கிறோம். புரட்டும்போது இழுக்காதீர்கள். இழுத்தால் தோல் உரியும். அடியில் ஒரு போர்வையை விரித்து, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். குதிகால் படுக்கையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் துணியை மடித்து வையுங்கள். விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. ஈரம் இருக்கவே கூடாது. மலமோ சிறுநீரோ பட்டால் உடனே கழுவி, ஒற்றித் துடைத்து உலர்த்துங்கள்.

தினமும் முதுகைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்துங்கள். அழுத்தி எடுத்தபின் வெளுத்து மறுபடி சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம்மைப் போன்ற கறுத்த உடம்பில் சிவப்புத் தெரியாது. சுற்றிலும் இருப்பதைவிட அதிகமாகக் கறுத்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பாருங்கள். இருந்தால் அந்த இடத்தில் பாரமே விழக் கூடாது. அன்றே நர்சிடம் காட்டுங்கள். அந்த இடத்தைப் போட்டுத் தேய்க்காதீர்கள். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தில் உட்கார வைக்காதீர்கள். அது சுற்றியுள்ள சதையை இன்னும் நெரிக்கும்.

காற்றடைத்த படுக்கை வாங்கிவிட்டோம், இனிப் புரட்ட வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். படுக்கை உதவி செய்யும். புரட்டும் வேலையை அது செய்யாது.

வாயில் ஊற்றாதீர்கள்

ஆலையில் ஒருவர் மயங்கி விழுந்தால் என்ன செய்கிறோம்? பத்துப் பேர் சூழ்ந்துகொள்கிறோம். ஒருவர் சோடா கொண்டுவருகிறார். ஒருவர் தலையைத் தூக்கி வாயில் ஊற்றுகிறார். இது நல்ல எண்ணம். ஆனால் ஆளைக் கொல்லக் கூடிய எண்ணம்!

மயக்கத்தில் இருப்பவனுக்கு விழுங்கத் தெரியாது. ஊற்றிய தண்ணீர் புரையேறி மூச்சுக் குழாயில் இறங்கும். மூச்சு நிற்கலாம். தப்பித்தாலும் நுரையீரலில் சளிக் காய்ச்சல் வரலாம். ஆகவே நினைவில்லாதவர் வாயில் சோடாவோ பாலோ மருந்தோ எதையும் ஊற்றாதீர்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தாலும் வெளியே வழிந்துவிடும். கூட்டத்தை விலக்குங்கள். 108-க்குச் சொல்லுங்கள்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தையும் இரும்பையும் திணிக்கிறார்கள். அதனால் எந்தப் பயனும் இல்லை. பல்லுக்கு இடையில் கரண்டியைச் செருகினால் பல் உடையும். பக்கத்தில் இருக்கும் கல், இரும்பு, நெருப்பு இவற்றை அகற்றுங்கள். தலைக்கு அடியில் துணி வையுங்கள். வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் தாமதம் இல்லாமல் ஆஸ்பத்திரி.

நினைவோடு இருக்கும் நோயாளிக்கு உணவு கொடுப்பதிலும் முறை உண்டு. படுத்த நிலையில் ஊட்டக் கூடாது. தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள். சின்னக் கவளம், விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்தது. சாப்பிட்டபின் அரைமணி நேரம் உட்கார்ந்தபடியே இருக்கட்டும். பக்கவாதம் வந்தவருக்கு, விழுங்க முடிகிறதா என்று டாக்டரோ நர்சோ சோதித்துச் சொல்லும்வரை ஒரு வாய் காபிகூட வேண்டாம். சாப்பிடும்போது இருமினாலோ, குரல் நீர் நிறைந்தாற்போல் கரகரத்தாலோ நிறுத்துங்கள்.

உப்பும் சர்க்கரையும் காத்த உயிர்கள்

1971-ல் பங்களாதேஷ் விடுதலைப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். எல்லையை ஒட்டிய பன்காவ் என்ற ஊரில் காலரா பரவியது. ஆஸ்பத்திரித் தரையில் நோயாளிகள். ரத்தக் குழாயில் ஏற்றும் சலைன் தீர்ந்து கொண்டிருந்தது. அங்கே இருந்த டாக்டர் திலீப் மகாலனபீஸ் என்ன செய்தார்? உப்பும் குளுகோசும் சமையல் சோடாவும் தண்ணீரில் கலந்து பெரிய டிரம்களில் நிரப்பினார். நோயாளிகளின் தாயையும் சகோதரனையும் அழைத்து, இதைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார். நூற்றுக்கு 30 என்ற அளவில் இருந்த சாவு நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது. அங்கே உயிரைக் காத்தவர்கள் யார்? டாக்டரின் அறிவும் உண்டு. விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளர் டம்ளராகக் கொடுத்த அகதி மக்களும் உண்டு.

இன்று உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பொட்டலத்தில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் ஒரே சமயத்தில் கரைக்க வேண்டும். பாதி பாதியாகக் கரைக்கக் கூடாது. பொட்டலம் கிடைக்காத இரவில் என்ன செய்வது? கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர். தலை தட்டிய டீஸ்பூனால் 6 ஸ்பூன் சர்க்கரை. தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. ஆகவே கண் மதிப்பில் போடாதீர்கள். கலந்தபின் வாயில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது. ஒருநாள் வைத்திருக்கலாம், மறுநாள் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். வயிற்றுப் போக்கு உள்ள குழந்தையைப் பட்டினி போடாதீர்கள். கண் குழிவிழுந்தால், கிள்ளிய தோல் மெல்லத் திரும்பினால், குழந்தை குடிக்க முடியாமல் துவண்டால், மலத்தில் ரத்தம் கண்டால் வீட்டு வைத்தியத்தை நம்பி உட்காராதீர்கள்.

மருந்தைப் பார்த்துக் கொடுங்கள்

எங்களுக்குப் பயிற்சியில் முதலில் சொல்லித் தருவது ஐந்து விஷயம். சரியான ஆளா? சரியான மருந்தா? சரியான அளவா? சரியான நேரமா? சரியான வழியா? அதாவது வாயாலா, ஊசியாலா, கண்ணிலா, காதிலா? இந்த ஐந்தையும் நீங்களும் கேளுங்கள். வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள். ஆகவே மருந்தோ ரத்தமோ ஏற்ற வரும்போது பெயரையும் தகப்பனார் பெயரையும் சொல்லிச் சரிபாருங்கள். "இது என்ன மருந்து? எதற்கு?" என்று கேளுங்கள். முன்பு எந்த மருந்தாவது ஒவ்வாமல் தடித்ததா, மூச்சு முட்டியதா என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

எழுத்துத் தெரியாதவர்கள் என்ன செய்வது? மாத்திரை அட்டையில் காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை வரைந்து தரச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் கூடவே எடுத்துப் போங்கள். குழந்தை மருந்தைச் சமையல் கரண்டியில் ஊற்றாதீர்கள். பாட்டிலோடு வரும் மூடியில் அளந்து கொடுங்கள்.

ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. ஒரு நாள் கூலி போகிறதே, சீக்கிரம் குணமாக வேண்டுமே என்ற அவசரம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் மாத்திரையில் தீரும் நோய்க்கு ஊசி தேவையில்லை. போட வேண்டியிருந்தால் உங்கள் கண் முன்னால் புது உறையைப் பிரித்துப் போட வேண்டும். ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டால் மஞ்சள் காமாலையும் எய்ட்ஸும்கூடப் பரவும்.

சலைன் ஏறும் கை வீங்கினால், சிவந்தால், வலித்தால் நர்சைக் கூப்பிடுங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று சக்கரத்தை நீங்கள் திருப்பாதீர்கள். சிறுநீர்ப் பை எப்போதும் நோயாளியின் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். தரையில் கிடக்கக் கூடாது. மேலே தூக்கினால் அழுக்குச் சிறுநீர் திரும்ப உள்ளே போகும். ஆக்சிஜன் ஓடும் இடத்தில் தீக்குச்சி, பீடி கூடவே கூடாது. இரவில் கக்கூசுக்கு எழுந்து போகும்போதுதான் முதியவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிகிறார்கள், தனியே விடாதீர்கள்.

கண்ணால் பார்ப்பதும் வைத்தியமே

டாக்டர் வந்து நிற்பது ஐந்து நிமிஷம். நீங்கள் இருப்பது இருபத்து நாலு மணி நேரம். ஆகவே முதலில் மாறுதலைக் காண்பவர் நீங்கள்தான். எதைப் பார்க்க வேண்டும்? மூச்சு, நினைவு, சிறுநீர், காய்ச்சல்.

இருமலும் காய்ச்சலும் உள்ள குழந்தையின் மார்பைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், ஒரு வயது நிறையாத குழந்தைக்கு 50-ம் அதற்கு மேலும், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். விலா எலும்புக்குக் கீழே உள்ளிழுத்தால் அந்த நிமிஷமே புறப்படுங்கள். பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று பிதற்றுவது, எழுப்பினால் எழாமல் கிடப்பது, பகல் முழுவதும் சிறுநீர் பிரியாதது, இவையெல்லாம் அபாய அறிவிப்புகள். "நேற்றுப்போல் இல்லை, ஏதோ மாறியிருக்கிறது" என்று உங்களுக்குத் தோன்றினால் அதை எங்களிடம் உரக்கச் சொல்லுங்கள். ஒரு தரம் சொல்லி நாங்கள் வராவிட்டால் இரண்டாம் தரமும் சொல்லுங்கள்.

சென்னை உலகத்துக்குக் காட்டியது

ஏழை வீட்டில் என்ன பராமரிப்பு நடக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. அந்தப் பதில் நம் சென்னையிலிருந்தே வந்தது.

காச நோய்க்காரரைச் சானடோரியத்தில் வைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தால்தான் பிழைப்பார் என்று ஒருகாலத்தில் உலகமே நம்பியது. அவ்வளவு படுக்கைக்கு எங்கே போவது? 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் காச நோய் ஆராய்ச்சி நிலையம் ஒரு பரிசோதனையைத் தொடங்கியது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் ஓராண்டு சிகிச்சை. இன்னொரு பிரிவு தங்கள் வீட்டிலேயே இருந்தது. நெருக்கமான வீடு, போதாத சாப்பாடு. ஆனால் மருந்து ஒன்றே. சுகாதார ஊழியர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்து வந்தார்கள். 1959-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவில் குணம் கண்டது! வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. உலக நாடுகள் வீட்டுச் சிகிச்சைக்கு மாறியதற்கு இது வழிகாட்டியது.

ஆகவே தோழர்களே, இரண்டு வாரம் இருமல் நின்றபாடில்லை என்றால் சளியைச் சோதியுங்கள். சாதாரணக் காச நோய்க்கு ஆறு மாத மருந்து. சர்க்கார் இலவசமாகக் கொடுக்கிறது. இரண்டு மாதத்தில் உடம்பு தேறும். தேறியதென்று நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காச நோயாகத் திரும்பும். இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். தட்டும் டம்ளரும் தனியே வைத்து மனிதரை ஒதுக்காதீர்கள். தட்டினால் பரவும் நோய் அல்ல அது, காற்றில் பரவுவது.

இது பெண்கள் தலையில் மட்டுமா?

இப்போது முக்கியமான விஷயம். நாங்கள் சொன்ன இத்தனையையும் வீட்டில் யார் செய்கிறார்கள்? நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் பெண் செய்கிறாள் என்று சொன்னால் நீங்கள் மறுக்க மாட்டீர்கள். நடவுக்குப் போகாமல் கூலியை இழக்கிறாள். இரவு கண் விழிக்கிறாள். இரண்டு மணிக்கு ஒரு தரம் ஒரு ஆண்பிள்ளை உடம்பைத் தனியாகப் புரட்ட அவளால் முடியுமா? ஒரு மாதத்தில் அவளும் படுத்துவிடுவாள்.

ஆகவே ஆண் தோழர்களைக் கேட்கிறோம். இயந்திரத்துக்கு எண்ணெய் விடத் தெரிந்த கைக்கு ஒரு மனிதரைத் துடைத்துவிடத் தெரியாதா? மலம் எடுப்பது இழிவு என்று நினைக்கும் மனசை விட்டொழியுங்கள். இழிவு அந்த வேலையில் இல்லை. அதை ஒரு சாதியின் தலையிலும் பெண்ணின் தலையிலும் கட்டிய வழக்கத்தில் இருக்கிறது.

மில்லில் இயந்திரம் நிற்பதில்லை. ஏன்? ஷிப்டு முறை இருக்கிறது. அதே முறையை நோயாளிக்கும் கொண்டுவாருங்கள். ஒரு தெருவில் ஒருவர் படுத்துவிட்டால் அக்கம்பக்கம் எட்டுப் பேர் பெயரை எழுதுங்கள். இரவு பத்து மணிக்கு இருவர், பன்னிரண்டுக்கு இருவர், இரண்டு மணிக்கு இருவர், நாலு மணிக்கு இருவர். ஒருவருக்கு ஒரு இரவில் பத்து நிமிஷ வேலை. புரட்டிவிட்டு, தாளில் நேரத்தைக் குறித்துவிட்டுப் போங்கள். அந்தத் தாய் விடிய விடியத் தூங்கட்டும்.

நாம் கேட்க வேண்டியது

நீங்கள் கற்றுக்கொண்டுவிட்டால் நர்சுகள் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு நர்சு பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடும்போது, ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் அபாயம் நூற்றுக்கு 7 பங்கு கூடுகிறது! ஒரு ஆள் கூடினாலே இப்படி. நம் வார்டின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

காலி இடங்களை நிரப்புங்கள் என்று நாங்கள் கேட்டால், அது எங்கள் சம்பளத்துக்காக மட்டும் கேட்பதல்ல. அந்தக் கட்டிலில் படுத்திருப்பவர் நீங்கள். ஆலைத் தொழிலாளிக்காவது இ.எஸ்.ஐ. இருக்கிறது, வயலில் உழைக்கும் தோழருக்கு அதுவும் இல்லை. வார்டில் சோப்பும் தண்ணீரும் இருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது, எப்படிப் பராமரிப்பது என்று ஒருமுறையாவது செய்து காட்டி அனுப்ப வேண்டும். இதைக் கேட்பதற்கு நீங்களும் நாங்களும் சேர்ந்து நிற்க வேண்டும்.

நிறைய விஷயம் சொல்லிவிட்டோம். எல்லாம் நினைவில் நிற்காது. நான்கை மட்டும் இன்றே எடுத்துச் செல்லுங்கள்: தொடும் முன்னும் பின்னும் கை கழுவு. இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டு. மயங்கியவர் வாயில் ஊற்றாதே. தெரியாததைக் கேள்.

கூட்டம் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். இதோ ஒரு கட்டில் போட்டிருக்கிறோம். போர்வையைப் பிடித்து ஆளைப் புரட்டும் முறையை இப்போதே செய்து காட்டுகிறோம். முதலில் ஆண் தோழர்கள் இருவர் இருவராக முன்னே வாருங்கள்.